கேசட்டின் கடைசி நிமிடம்

அருள்மேரிக்கு ஒரு பழக்கம். தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வந்த பிறகு, தபாலுக்காக வரவில்லை என்பதுபோல் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த வியாழக்கிழமை துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். தாம்பரம் முடிச்சூர் சாலையில் இரண்டு நாளாக ஐப்பசி மழை விடவில்லை. ஈரத் துணியை எதற்குத் தொட்டுப் பார்க்கிறாள் என்று தபால்காரர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"ஒண்ணு வந்திருக்கும்மா. மேல கொஞ்சம் நனைஞ்சிடுச்சு. உள்ள எழுத்து கலையல" என்று ஒரு இன்லண்ட் லெட்டரை நீட்டினார்.

சவுரிமுத்துவின் கையெழுத்து.

அவள் புருஷன் ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. படிப்பு பத்தாம் வகுப்புதான். கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த கல்லூரியில் விலங்கியல் பிரிவின் எடுபிடியாக இருந்தவன். பேராசிரியர் சுந்தரராமன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து, பறவைகளின் பெயரையும் குரலையும் படித்துக்கொண்டான். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை. மழைக்காட்டைப் பார்க்க வரும் விருந்தினர்களை அழைத்துப் போய்க் காட்டும் வேலையை மட்டும் அந்த விடுதி கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு. மற்ற நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் கேசட்டில் பேசிக்கொள்வார்கள்.

அவன் பேசி அனுப்புவான். அவள் ஒரு வாரம் அதையே போட்டுப் போட்டுக் கேட்பாள். பிறகு அதன் மேலேயே தன் குரலைப் பதிவு செய்து திருப்பி அனுப்புவாள். நாடா தேய்ந்துவிட்டால் அவன் வெறும் கேசட் ஒன்றை அனுப்பிவைப்பான். 'நீ பேசு' என்று அதற்கு அர்த்தம்.

வாசலில் நின்றபடியே மேரி கடிதத்தைப் பிரித்தாள்.

'அன்புள்ள மேரிக்கு, இங்கே ஓயாத மழை. இந்த வாரம் ஜெர்மன்காரர்கள் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை துணி உறை மாட்டிவிட்டேன். அப்படியும் ஒருவர் காதில் ஏறிவிட்டது. அவர் பயப்படவில்லை, படம் எடுக்கச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுவோம். நேற்று அறுபத்திரண்டு. அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் பட்டியலில் இரண்டு பேர் குறைகிற மாதிரி எனக்கு இருக்கும். நீயும் நம் குட்டி ஸ்டெல்லாவும்தான்.

'முக்கியமான விஷயம். போன வாரம் எஸ்டேட் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய கேசட்டைப் பத்திரமாக வை. சுந்தரராமன் சார் பதினோரு வருடமாகத் தேடிய ஆந்தையின் குரல் அதில் இருக்கிறது. ஏரிகளில் பறவைக் கணக்கெடுக்கும் மூன்று வருட வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார் அல்லவா? டிகிரி இல்லாத ஆளுக்கு என்ன ஆதாரம் என்று தேர்வுக் குழுவில் கேட்கிறார்களாம். இந்தக் கேசட்தான் ஆதாரம். திங்கட்கிழமை குழு கூடுகிறது. வியாழன் நாலு மணிக்கு சாரே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். ஆரம்பத்தில் வெறும் பூச்சிச் சத்தம்தான் கேட்கும். பதிவு செய்யும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது. தேதி, நேரம், இடம் எல்லாம் கடைசியில்தான் சொல்லுவோம். என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. வேலை கிடைத்தால் தாம்பரத்திலேயே இருக்கலாம் மேரி. வீட்டுச் சாப்பாடு.'

மேரி கடிதத்தை மடித்தாள்.

டிரைவர் கொண்டுவந்த கேசட்டின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சனிக்கிழமை அதைப் போட்டுப் பார்த்தாள். ஐந்து நிமிடம் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல். வெறும் கேசட், நம்மைத்தான் பேசச் சொல்கிறார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஞாயிறு கொஞ்சம், திங்கள் கொஞ்சம், செவ்வாய் கொஞ்சம் என்று மனசில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டிவிட்டாள்.

அவன் வீட்டுக்கு வருவதற்கான ஒரே வழியை, 'எப்போது வருவீர்கள்' என்று கேட்டுக் கேட்டே அழித்துவிட்டாள்.

"இன்னா மேரி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

மாமியார் கன்னியம்மா மாதா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஜெபமாலை மாதம் என்பதால் மழையானாலும் காலைப் பூசையை விடுவதில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். யார் முகத்தையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள்.

மேரி கடிதத்தைப் படித்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். கன்னியம்மா குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"ஆந்தை கத்துறத வச்சு வேலையா? நாங்கல்லாம் அது கத்துனா கல்லெடுத்துப் போடுவோம்."

"அத்தை!"

"சரி வுடு. அந்தக் கேசட்டே வர்லனு சொல்லிடு. டிரைவர் தொலச்சிட்டான்னு சொல்லு."

"பாவம், அந்த டிரைவர் என்ன பண்ணார்? நாளைக்கு அவருக்கு வேலை போயிட்டா?"

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விடுதியில் டெலிபோன் இல்லை. எஸ்டேட் ஆபீசில் சொன்னால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். மேரி குடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். இன்னொரு தடவை அந்த ஆந்தையைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பூத்து நடத்தும் ஜெயக்கொடி எட்டு முறை நம்பரைச் சுழற்றினாள். எட்டு முறையும் 'கொய்ங்' என்ற சத்தம்தான் வந்தது.

"மலையில லைன் டவுன் போலக்கா. நேத்து ஒருத்தர் வால்பாறைக்குப் போட்டாரு, அவருக்கும் கிடைக்கல." அவள் தன் ஸ்டூலை மேரியின் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. அரை மணி கழிச்சு மறுபடி போடறேன்."

மறுபடியும் போட்டார்கள். அதற்குப் பிறகும் போட்டார்கள். தாம்பரத்து மழையும் ஆனைமலை மழையும் ஒன்று சேர்ந்துகொண்டது போல அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அப்பால்தான் அவன் எங்கோ குடை இல்லாமல் நிற்கிறான் என்று மேரிக்குத் தோன்றியது. ரிசீவரை வைக்க மனம் வரவில்லை.

நாலு மணிக்குச் சரியாக வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சுந்தரராமன் மழைக்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்தார். அறுபதை நெருங்கும் வயது. அவர் முகத்தில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த மாணவனின் ஆவல் இருந்தது.

"எங்கேம்மா, பதினோரு வருஷமா என்னை அலைய விட்ட மகாராணி?"

மேரி வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான்தான் சார் அழிச்சிட்டேன். எனக்குப் படிப்பு இல்ல பாருங்க. வெறும் கேசட்டுனு நெனச்சு ஜெபம் பண்ணி ரிக்கார்டு பண்ணிட்டேன். எம்மருமவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மேரி திகைத்துப் போனாள். மகன் கோபப்பட்டால் தன்னோடு போகட்டும் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டாள். கோயிலிலிருந்து வந்த வாயாலேயே இத்தனை பெரிய பொய்!

உண்மை சொல்லத் தைரியம் வேண்டும் என்பார்கள். மேரியிடம் அப்படியொன்றும் தைரியம் இல்லை. இன்னொருவர் தன் பாரத்தைச் சுமக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அவளால் முடியவில்லை.

"இல்ல சார். நான்தான். அவருக்குப் பேசி அனுப்பறதா நினைச்சு, அது மேலயே பேசிட்டேன்."

சுந்தரராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முழுசுலயும் பேசிட்டியாம்மா?"

"தெரியல சார். செவ்வாக்கிழமை பேசிட்டிருக்கும்போதே கரண்ட் போயிடுச்சு. ஸ்டாப் பண்ணிட்டு எடுத்து, அவர் கேக்கறதுக்கு வசதியா இருக்கட்டும்னு பென்சில்ல முதல்வரைக்கும் சுத்தி வச்சுட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "அப்போ கடைசியில ஏதாவது மிஞ்சியிருக்கலாம். கொடு, காலேஜுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கறேன்."

மேரியின் முகம் சிவந்தது. கேசட்டைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். இங்கயே போடலாம்."

அவருக்குப் புரிந்தது. "சரிம்மா. இங்கேயே போடு."

அந்த வீட்டு டேப் ரெக்கார்டரில் வேகமாக ஓட்டும் பட்டன் இரண்டும் எப்போதோ உடைந்துவிட்டன. கன்னியம்மா, பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்த ஸ்டெல்லாவின் பள்ளிப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கேசட்டின் ஓட்டையில் செருகி மளமளவென்று சுற்றினாள். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி சுற்றிப் பழகிய கை. நாடா பிசகவில்லை.

கொஞ்சம் சுற்றி, போட்டுக் கேட்டார்கள்.

'...அப்பா, எங்க மிஸ் எனக்கு ஸ்டார் போட்டாங்க. கையிலயே போட்டாங்க. நான் குளிக்கவே இல்லப்பா...'

ஸ்டெல்லாவின் குரல். சுந்தரராமன் சிரித்துவிட்டார். "இன்னும் சுத்துங்கோ அம்மா."

மறுபடி சுற்றினாள். போட்டார்கள்.

'...உங்க அம்மா பிரஷர் மாத்திரையை முழுங்கறதே இல்லீங்க. வாயில போட்டுகிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்து தலகாணி உறைக்குள்ள போட்டுடறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க...'

மேரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியம்மா டேப்பை அணைத்தாள்.

"ஓகோ. உளவு சேதியெல்லாம் மலைக்குப் போவுதா?"

"அத்தை, அது வந்து..."

"முப்பது வருசம் அடுத்தவங்களுக்கு மாத்திரை குடுத்தவ நானு. எனக்கே டூட்டி பாக்குறா பாரு சார் இவ."

சுந்தரராமன் எழுந்தார். "அம்மா, மழை விட்டிருக்கு. நான் வாசல்ல அந்த முருங்கை மரத்தைப் பார்த்துண்டு நிக்கறேன். மனுஷக் குரல் முடிஞ்சு பூச்சிச் சத்தம் வந்தா மட்டும் கூப்பிடுங்கோ."

முருங்கை மரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவர் வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகுக்காக மேரி அன்று இரவு மாதாவிடம் தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவதாக மனசுக்குள் நேர்ந்துகொண்டாள்.

கன்னியம்மா நிறையச் சுற்றினாள். நாடா ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் பருத்துவிட்டது. பட்டனை அழுத்தினாள்.

'...நீங்க வரணும்னு மாதாகிட்ட தினமும்தான் கேக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். போன லீவுல பத்து நாளும் நீங்க சிரிச்சீங்க, சாப்பிட்டீங்க, ஸ்டெல்லாவைத் தோள்ல தூக்கிட்டுப் போனீங்க. மழை பெஞ்சப்போ மட்டும் எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னீங்க. அப்ப உங்க முகம் வேற மாதிரி இருந்துச்சு. நான் காபியை வச்சுக்கிட்டு பின்னாலயே நின்னேன். உங்களுக்குத் தெரியல. அந்தக் காட்டைப் பத்திப் பேசறப்போ உங்க குரல் பெருசா இருக்கு. இங்க வந்தா சின்னதாயிடுது. எனக்காகத்தான் வரணும்னா, யோசிச்சு வாங்க. நான் இருந்துக்குவேன்...'

நாடாவில் ஒரு மூச்சு.

'...இருந்துக்குவேன்னு சொன்னது பொய். ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். ராத்திரி உங்க துண்டைத்தான் போத்திக்கறேன். அதைத் துவைக்கல...'

கன்னியம்மா டேப்பை அணைக்கவில்லை. பென்சில் கையிலேயே இருந்தது. மேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடா தானாக ஓடிக்கொண்டிருந்தது. அரிசி, ஸ்டெல்லாவின் இருமல், தீபாவளிக்குப் பெருங்களத்தூரில் பஸ் நெரிசல் என்று மேரியின் குரல் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனது. இருவரும் எதையும் கேட்கவில்லை.

"எத்தினி நாளா இத மனசுல வச்சுகினு கீற?" என்றாள் கன்னியம்மா கடைசியில்.

"ஆகஸ்ட்லேர்ந்து."

"நான் அவன் வந்தாப் போதும்னு மட்டும் வேண்டிகினேன். வந்து எப்டி இருப்பான்னு யோசிக்கல." அவள் மருமகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "நீ யோசிச்சிருக்க."

'...இங்க ஒரே...' என்றது மேரியின் குரல். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இரைச்சல்.

ஆயிரம் பூச்சிகள். இலைகளிலிருந்து சொட்டும் நீர். அந்தச் சின்ன அறை இருட்டாகவும் குளிராகவும் ஆகிவிட்டது போலிருந்தது.

"சார்!" என்று மேரி கத்தினாள்.

சுந்தரராமன் ஓடி வந்து, நாற்காலி இருந்தும் தரையிலேயே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் பூச்சிகள் மட்டும். சுழலும் நாடாவையே மேரி பார்த்தாள். மெலிந்த பக்கத்தில் இன்னும் சில சுற்றுகள்தான் பாக்கி. அவள் உதடுகள் ஜெபித்தன.

அப்போது அது கேட்டது. தூரத்தில் யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிடுவது போல, மேலே ஏறி ஏறி, உச்சியில் நடுங்கும் ஒரு சீழ்க்கை. நின்றது. மறுபடி கூப்பிட்டது. மூன்றாவது முறை அருகிலிருந்து கேட்டது.

பேராசிரியரின் கண்ணாடிக்குக் கீழே நீர் இறங்கியது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஆந்தையா சார் இது?" என்று கன்னியம்மா மெல்லக் கேட்டாள். "கல்லெடுத்துப் போட மனசு வராது போல கீதே."

பிறகு சவுரிமுத்துவின் குரல் வந்தது. மிக மெதுவாக, ஆனால் தெளிவாக.

'அக்டோபர் மாசம் பதிமூணாம் தேதி. விடியற்காலை நாலு ஐம்பது. ஓடையைத் தாண்டி மேற்கே, பெரிய மரம் விழுந்த இடம். மழை விட்டு பத்து நிமிஷம். பதிவு செஞ்சது சவுரிமுத்து. கூட சுப்பன்.'

"போதும்!" சுந்தரராமன் தொடையில் தட்டினார். "குரலும் இருக்கு, தேதியும் இருக்கு, ஆளும் இருக்கு. திங்கட்கிழமை இதைப் போட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டா. வேலை அவனுக்குத்தான்."

மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் நாடா இன்னும் நிற்கவில்லை. காட்டில் அவன் மெஷினை அணைக்க மறந்திருக்கிறான்.

'என்ன சாரே, கண்ணு கலங்குது?' அது காட்டில் வழிகாட்ட உடன் போன சுப்பனின் குரல். 'அட்ட கடிச்சுதா?'

சவுரிமுத்து சிரிக்கும் சத்தம். பிறகு சிரிப்பு நின்ற சத்தம்.

'இல்ல சுப்பா. இது தாம்பரம் போய்ச் சேர்ந்துட்டா நான்...'

'டக்.'

நாடா முடிந்துவிட்டது.

மூவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வே கேட் பக்கம் மின்சார ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

அவன் அழுதது வீட்டுக்கு வரப்போகும் மகிழ்ச்சியிலா, காட்டை விடப்போகும் துக்கத்திலா?

சுந்தரராமன்தான் முதலில் பேசினார். "மேரி, குழுவுல பேரைப் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது. மூணு வருஷம். திங்கட்கிழமை காலை பத்து மணிவரைக்கும் நான் இதை யார்கிட்டேயும் காட்டலே. அதுக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும்."

மேரி தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவினாள். கேசட்டின் முதுகில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் பல்லை அதால் நெம்பி உடைத்தாள். இனி அதன் மேல் யாரும் எதையும் பதிவு செய்ய முடியாது. அவருடைய கையில் கொடுத்தாள்.

"கடைசி நிமிஷத்தை மட்டும் கேளுங்க சார்."

"சத்தியமா" என்றார் அவர். கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார்.

ஸ்கூட்டர் சத்தம் மறைந்ததும் கன்னியம்மா எழுந்தாள். பரண் மேலிருந்த ரெக்ஸின் பையை இறக்கித் தூசு தட்டினாள்.

"என்ன அத்தை?"

"போன் போவல. லெட்டர் போட்டா போய்ச் சேர அஞ்சு நாள். நீ போனா நாளைக்கே போய்டலாம். ஏழு மணிக்குப் பெருங்களத்தூர்ல நின்னா கோயமுத்தூர் பஸ் வரும். அங்கேர்ந்து பொள்ளாச்சி, அப்பால மலை. அவன் இன்னா சொல்ல வந்தான்னு நேர்ல கேட்டுகினு வா."

"நான் மட்டுமா? நான் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லையே."

"அதான் சொல்றேன். ரெண்டு வருசமா அவனப் புடிச்சு வச்சுகினு கீறது எதுன்னு நீயும் ஒரு தபா பாரு."

"ஸ்டெல்லா?"

"நான் கீறேன்."

"நீங்க மாத்திரை..."

கன்னியம்மா விடுவிடுவென்று உள்ளே போனாள். தலையணை உறைக்குள் கையை விட்டு, ஒரு மாத்திரையை எடுத்து வந்தாள். மருமகள் கண் முன்னால் வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"முழுங்கிட்டேன். பாத்துக்கோ. இதையும் அவன்கிட்ட சொல்லு."

பிறகு அடுக்களைக்குப் போனவள், பழைய வேட்டித் துணியில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு இறுக்கி முடிந்தாள். பையில் மேரியின் புடவைக்கு நடுவில் அதை வைத்தாள்.

"இது எதுக்கு அத்தை?"

"அட்டைக்கு" என்றாள் கன்னியம்மா. "கால்ல ஏறுச்சுன்னா பிச்சு எடுக்காதே. இதை மேல வையி. தானா வுட்டுடும்."